நான்தான் பலகை

ஜூன் 3, செவ்வாய்

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீருக்குத் தெருவே கூடிவிடுகிறது. டிரம், குடம், கடைசியில் டம்ளர்வரை பிடித்து வைத்துவிட்டுப் போனதில் கம்பெனிக்கு லேட். செக்கிங் பகுதியில் என் இடம் ஃபேன் காற்று எட்டாத மூலை. லேட்டாகப் போனாலும் அதே இடம்தான், சீக்கிரம் போனாலும் அதே இடம்தான். பனியன் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே வேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த டைரி கம்பெனி புது வருஷத்துக்குக் கொடுத்தது. மற்றவர்கள் பால் கணக்கு எழுதுகிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள், ஆகையால் வயிற்றெரிச்சலையும் சேர்த்து எழுதுகிறேன்.

மத்தியானம் ஒரு போன். யாழினியாம், சென்னையாம். “உங்க பையன் ராஜபாண்டி தளிர்ல படிச்சவர்தானேம்மா?” என்றாள். என் மகனை ‘அவர்’ என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். தளிர் என்பது எங்கள் காலனியில் ஒரு டிரஸ்ட் நடத்திய பால்வாடி மாதிரியான பள்ளிக்கூடம். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, தூங்கவைத்து அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள், கோபத்தை அடக்குகிறார்களா, நாலு பேரோடு ஒத்துப்போகிறார்களா என்று இப்போது ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

நான் பாண்டியை அங்கே விட்டது ஆராய்ச்சிக்கு இல்லை, மத்தியானச் சோற்றுக்கு. அவன் அப்பா பாலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்ட சமயம் அது. மகள் மீனா அப்போது வயிற்றில் இருந்தாள்.

தளிரில் ஜெசிந்தா டீச்சர் ஒரு பலகை வைத்திருந்தார். நான்தான் பலகை என்று பேர். எதையாவது உடைத்த பிள்ளை, எவனையாவது கடித்த பிள்ளை, தானாகப் போய் அதில் ஏறி “நான்தான்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடி கிடையாது, திட்டு கிடையாது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் மூன்று தடவை கை தட்டுவார்கள். இப்படி ஒரு கூத்து. ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் தண்ணீர். பாண்டி ஓடிப்போய் அரிசிப் பெட்டி மேல் ஏறி நின்று, “நான்தாம்மா கொடத்தச் சாச்சேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். பிடித்து வைத்த அத்தனை தண்ணீரும் போய்விட்டது. முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை. இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்பதுபோல் அங்கேயே நின்றான்.

ஜூன் 7, சனி

ஒன்றரை ஷிப்டு. செவ்வாய்க்கிழமை ஷிப்மெண்ட் போக வேண்டுமாம். துணி வெட்டுகிற கட்டிங் பகுதியிலிருந்து துணி வரவில்லை என்று மேனேஜர் சென்னியப்பன் அங்கே போய்க் காட்டுக் கத்தல் கத்தினார். “அந்தத் தகடு இருந்தா கத்தி எப்படிடா ஓடும்? கழட்டிப் போட்டு ஓட்டுங்கடா” என்கிறார். பொழுதன்றைக்கும் இந்த ஆள் தொண்டையைக் கேட்டே எனக்குத் தலைவலி. வருகிற வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். எல்லாம் முற்றல்.

ஜூன் 9, திங்கள்

எழுத்துக் கோணலாக வருகிறது.

சபரிக்கு விரல் போய்விட்டது. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். கட்டிங் மெஷின் என்பது அடுக்கி வைத்த துணியை மொத்தமாக அறுக்கிற கத்தி. கை உள்ளே போகாமல் இருக்கக் கத்திக்கு முன்னால் ஒரு தகடு உண்டு. இன்று அந்தத் தகடு இல்லை.

சபரி எங்களுக்கு அடுத்த சந்து. பாண்டியும் அவனும் தளிரில் ஒரே பாயில் தூங்கியவர்கள். கம்பெனியிலும் ஒன்றாகத்தான் கட்டிங்கில் சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பாண்டி அவன் கையைத் துணியால் சுற்றித் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான். இருவரும் சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டதெல்லாம் நாங்கள்தான்.

ரத்தம் பட்ட அடுக்கை உருவிப் போட்டுவிட்டு மீதியை வெட்டினார்கள். சாயங்காலம் செக்கிங்குக்கு வந்த துணி ஒன்றின் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு கறை. கறைத் துணியைத் தனியே எடுத்துப் போடுவது என் வேலை. எடுத்துப் போட்டேன்.

தகட்டை யார் எப்போது கழற்றினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? செக்கிங்குக்கும் கட்டிங்குக்கும் நடுவில் தட்டி மறைத்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஷிப்மெண்ட் போய்விட்டது. லாரிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள்.

சென்னியப்பன் என் டேபிளுக்கே வந்தார். “ஏனுங் தவமணியக்கா” என்றார். நான் அக்கா ஆனது இன்றைக்குத்தான். “அந்தப் பையனே தகட்டக் கழட்டிப் போட்டானுங். விசாரிக்கக் கவர்மெண்டு ஆபீசர் வருவாருங். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிப் போட்டாக் கம்பெனிக்கு நல்லதுங். கம்பெனிக்கு நல்லதுன்னா நமக்கும் நல்லதுதானுங்.”

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். சபரியே கழற்றினான் என்று ஆகிவிட்டால் அதற்கு மேல் நஷ்டஈடு ஒன்றும் கிடையாதாம். இருபத்திரண்டு வயசுப் பையன், இனி அந்தக் கையால் பித்தான்கூடப் போட முடியாது. எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனாவுக்கு நர்சிங் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நான் பாவப்பட்டேன் என்று காலேஜில் ஃபீஸைக் குறைக்கப்போவதில்லை.

“சரிங்க” என்றேன். சரி என்று சொன்னால் சரி என்று அர்த்தமா? சும்மா சொல்லி வைப்பதுதானே.

ஜூன் 12, வியாழன்

பாண்டி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சபரிக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறான். இன்று வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் சொன்னான்.

“அம்மா, தகட்டக் கழட்டுனது நான்தான்.”

தெரியும் என்று வாய்வரை வந்தது. “மெதுவாப் பேசு” என்றேன்.

“ஆபீசர் வந்தா சொல்லப் போறேன்.”

“சொல்லி? உன்னையத் தூக்கி உள்ள வைப்பாங்க. அந்தாளு வேட்டிய ஒதறிட்டுப் போயிருவாரு.”

“அவரு சொல்லித்தான் கழட்டுனேன். அதையும் சொல்லுவேன். ஆனா கழட்டுன கை என்னோடதும்மா.”

“அவரு சொன்னாருன்னு எவன்டா சாட்சி சொல்ல வருவான்? அத்தன பேருக்கும் வயிறு இருக்குல்ல?”

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். குழம்பில் உப்புக் குறைச்சலோ என்று உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தேன். அவன் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரில் பிள்ளைகள் அம்மாவிடம் எகிறுகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், தட்டை விட்டெறிகிறார்கள். இவனும் எகிறினால் நானும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்துக்கொள்வேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான். சண்டைகூடப் போடத் தெரியாமல் வளர்த்துவிட்டார்கள் என் பிள்ளையை.

ஜூன் 15, ஞாயிறு

யாழினி வந்தாள். மெலிந்த பெண், பெரிய பை. பிஸ்கட் வாங்கி வந்திருந்தாள். மீனா டீ போட்டாள்.

என்னிடம் கேட்ட கேள்விகள்: மகனுக்குக் கோபம் வந்தால் பொருளை உடைப்பாரா. இல்லை. தன் முறை வரும்வரை காத்திருப்பாரா. ரேஷன் கடையில் இவனுக்குப் பின்னால் நிற்பவனெல்லாம் முன்னால் வாங்கிக்கொண்டு போவான், அந்த அளவுக்குக் காத்திருப்பான் என்றேன். சிநேகிதர்கள் இவரை நம்புவார்களா. இதற்கு மட்டும் பாண்டியையே கேட்டுக்கொள் என்றேன்.

“பக்கத்துக் காலனியில தளிர்ல படிக்காத பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பாத்தோம்மா” என்றாள். “நம்ம பிள்ளைங்க சண்டை போடறது குறைவு. கோபம் வந்தா நிதானிக்கிறாங்க. ஒரே வேலையில ரொம்ப நாள் நிலைக்கிறாங்க. இத்தனை வருஷம் கழிச்சும்மா.” சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

சண்டை போடாதவன், கோபம் வந்தால் அடக்கிக்கொள்கிறவன், வேலையை விட்டு ஓடாதவன். சென்னியப்பன் ஆள் எடுக்கும்போது இந்த மூன்றைத்தான் பார்க்கிறார். அவருக்காகவேதான் இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்களோ என்று எனக்குத் தோன்றியது. பிஸ்கட் வாங்கி வந்த பெண்ணிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு பாண்டியிடம் அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டாள். இவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்துப் பேசினான்.

“ரெண்டு சட்டம்க்கா. செஞ்சத நாமளே ஏறிச் சொல்லணும். அடுத்தவங்க செஞ்சத நாம சொல்லக் கூடாது. அவங்களா ஏர்ற வரைக்கும் காத்திருக்கணும்.”

“ஏறவே இல்லன்னா?”

“ஏறிருவாங்கக்கா. டீச்சர் சும்மா உக்காந்து காத்திருப்பாங்க. சில நாள் சோத்து நேரமே தள்ளிப் போகும். ஆனா யாரும் ஏறாம இருந்தது இல்ல.”

யாழினி சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். நான் அடுப்பை அணைக்க உள்ளே போனேன். அடுப்பு எரியவில்லை. வந்ததற்கு ரெகுலேட்டரை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சென்னியப்பன் டீ வாங்கிக் கொடுத்தார், பன்னோடு. பன் காய்ந்த பன்.

ஜூன் 20, வெள்ளி

விசாரணை முடிந்தது.

ஆபீஸ் ரூமில் வைத்தார்கள். ஆபீசர் தன்மையான மனிதர்தான், எல்லாரையும் உட்காரச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் சபரியே கழற்றினான் என்றார். துணி அடுக்குகிற பெண்கள் அதையே சொன்னார்கள். பாவம், ஒருத்திக்கு மறந்துபோய்ச் சென்னியப்பன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கதவோரப் பெஞ்சில் சபரி, கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் சொல்வதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பாண்டி எழுந்தான். அங்கே பலகை ஒன்றும் இல்லை, தரையில்தான் நின்றான்.

“தகட்டக் கழட்டுனது நான்தான் சார். சபரி இல்ல. சனிக்கிழமை மேனேஜர் கழட்டச் சொன்னாரு, கழட்டுனேன்.”

சென்னியப்பன் சிரித்தார். “நான் எதுக்குங் சொல்லப் போறேன்? சிநேகிதனுக்காகப் பேசறானுங் பையன்.”

“மேனேஜர் சொன்னத வேற யாராவது கேட்டாங்களாப்பா?” என்றார் ஆபீசர்.

“கேட்டவங்க இருக்காங்க சார்.”

“பேரச் சொல்லு.”

“அவங்களே சொல்லுவாங்க சார்.”

ஆபீசர் பேனாவை வைத்துவிட்டார். “தம்பி, இது விசாரணை. பேரச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

“அவங்களே சொல்லுவாங்க சார்” என்றான் மறுபடியும்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சபரி தன் இடது கையால் தொடையில் தட்டினான். மூன்று தடவை. அந்தச் சத்தம் எதற்கென்று ஆபீசருக்குப் புரியவில்லை, சென்னியப்பனுக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்து தொலைத்தது.

பாண்டி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆபீசர்தான் திரும்பினார். “நீங்க இவன் அம்மாவா? செக்கிங் பக்கத்துலதான இருக்கு? நீங்க ஏதாவது கேட்டீங்களாம்மா?”

“மெஷின் ஓடுற சத்தம் சார்” என்றேன்.

மெஷின் ஓடினால் சத்தம் இருக்கத்தானே செய்யும்? இதில் பொய் எங்கே இருக்கிறது?

இன்னும் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் தன் ஆபீசுக்கு வரலாம், அதற்குப் பிறகு முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் தலைகீழ். கம்பெனிக்குத் தெரியாமல் தகட்டைக் கழற்றி இன்னொருவன் கையைப் போக்கினான் என்று பாண்டி மேலேயே ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று. கூப்பிடும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டும். சபரிக்கும் விடிவில்லை. தப்புச் செய்தது கூட வேலை பார்த்தவன், கம்பெனி இல்லை என்கிறார்கள். மேனேஜர் சொன்னதற்கு ஒரே ஒரு சாட்சி இருந்தால் கதை வேறு என்று சபரியின் மாமா தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

ஜெசிந்தா டீச்சர் செத்துப்போய்விட்டாராம். இருந்தால் நேரே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாயே, சென்னியப்பனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கட்டிங் மாஸ்டருக்கு? அந்தப் பெண்களுக்கு? ஊரில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றிவிட்டல்லவா என் மகனை ஏறச் சொல்லியிருக்க வேண்டும். மதியச் சோறு போட்டுவிட்டுப் போகாமல் இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை எதற்கு ஊட்டிவிட்டாய்? இன்று என் மனசில் அந்த அம்மாள் மேல் இருக்கிற ஆத்திரம் சென்னியப்பன் மேல்கூட இல்லை.

ஜூன் 23, திங்கள்

என் இடத்தை மாற்றிவிட்டார்கள். ஃபேனுக்கு நேர் கீழே. காற்று ஒத்துக்கொள்ளாமல் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 26, வியாழன்

யாழினி போன் செய்தாள். அடுத்த மாதம் கோயமுத்தூரில் டிரஸ்ட்காரர்கள் விழா வைத்திருக்கிறார்களாம், ஆராய்ச்சி முடிவை எல்லாருக்கும் சொல்வதற்கு. தளிர் பிள்ளைகள் சார்பில் மேடையில் பேசப் பாண்டியின் பேரை இவள்தான் கொடுத்தாளாம். இப்போது கேஸ் இருப்பதால் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

“நான் சண்டை போட்டுப் பாத்தேம்மா. முடியல” என்றாள்.

“நீயும் தளிர்லதான் படிச்சியா பாப்பா?” என்றேன். “சண்டையெல்லாம் சரியா வரலையே.” அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான்.

அன்றைக்கு இரண்டு கேள்வி விட்டுப்போய்விட்டதாம். மகன் தவறு செய்தால் ஒப்புக்கொள்வாரா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை, இந்த மூன்றில் எது?

“எப்போதும்னு போட்டுக்க. பெருசாப் போட்டுக்க.”

“கடைசிக் கேள்வி வீட்டுச் சூழல் பத்திம்மா. வீட்டுல பெரியவங்க தவறு செஞ்சா, அதப் பிள்ளைங்ககிட்ட ஒப்புக்குவாங்களா?”

அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போய்விட்டது. வைத்துவிட்டேன். பிறகு மீனா அதே போனில் சிநேகிதியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

நாளையோடு மாதம் முடிகிறது.

பாண்டி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகிறான். காலையில் போய் மத்தியானம் வருகிறான். வருகிற வழியில் சபரி வீட்டில் கொஞ்ச நேரம். இடது கையால் எழுதச் சபரி பழகுகிறானாம். முதலில் தன் பேரை எழுதினானாம், அடுத்து இவன் பேரை. என்னிடம் இதையெல்லாம் எப்போதும்போல் சொல்கிறான். “கழுத்து வலி தேவலையாம்மா?” என்று கேட்கிறான். ஃபேன் கதை அவனுக்கும் தெரியும்.

இன்று தண்ணீர் வந்தது. டியூபை டிரம்மில் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். எதையோ யோசித்துக்கொண்டிருந்ததில் டிரம் நிரம்பி, வழிந்து, வீட்டுக்குள் ஓடி, தெருச் சாக்கடைக்குப் போனது. நான் பார்க்கும்போது குழாயில் காற்றுதான் வந்தது. குடமெல்லாம் காலி.

பாண்டி வந்தான். “தண்ணி எப்படிம்மா கீழ போச்சு?”

“டியூப்பு நழுவிருச்சு” என்றேன். டியூப் சொருகின இடத்தில் சொருகினபடியே இருந்தது. அவன் அதைப் பார்த்தான். துணியை எடுத்துத் தரையைத் துடைத்துப் பிழிந்து காயப்போட்டான்.

தரை ஈரமாக இருந்ததால் நான் அரிசிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான், வேறு காரணம் இல்லை. அவன் எனக்கு எதிரே ஈரத்திலேயே உட்கார்ந்தான். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். மூன்று வயசில் பார்த்த அதே பார்வை. அப்போது நான் கை தட்டுவேன் என்று காத்திருந்தான். இப்போது அவன் தட்டுவதற்குக் கையைத் தயாராக வைத்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. மீனா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சோறு ஆறியது. அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். துளிகூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. நாலு அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இப்படியே இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என் எதிரே உட்கார்ந்து காத்திருப்பான் இவன். அதற்குத்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

பெட்டியை விட்டு இறங்கினேன்.

“கையக் கழுவிட்டு வா, சோறு போடுறேன்.”

எழுந்து போனான். அடுத்த தண்ணீர் வரும்வரை அந்த ஒரு டிரம்தான் என்பதால் ஒரே ஒரு சொம்பு மொண்டான். அதில் பாதியை எனக்கு மிச்சம் வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.